பாண் குடுத்தவனா, வேட்டைக்குக் கூட வந்தவனா?

போன மாசம் ஒரு பிள்ளை "லீவுக்கு என்னா வாசிக்கலாம் அக்கா"ன்னு கேட்டதுக்கு, 'தி ஹங்கர் கேம்ஸ்'ங்கிற இங்கிலீசு நாவல் கையில கிடைச்சா வாசிச்சுப் பாருன்னு ஒரே ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன், இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப்பு எல்லாத்துலயும் பாதிக்கு மேல அதைப் பத்தித்தான். மாமியார் பிரச்சினை எழுதினவங்களும் முடி கொட்டுறதுக்கு மருந்து கேட்டவங்களும் கோவிச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த மாசம்.

கேள்வி: அக்கா, நான் ஏ.எல். படிக்கிறேன். அண்ணன் கொழும்புல கடையில வேலை செய்றாரு, தீபாவளிக்கு வந்தப்ப மருதானை பழைய புத்தகக் கடையில இருந்து மூணு பாகத்தையும் வாங்கிட்டு வந்து தந்தாரு. முதல் பாகத்தை ரெண்டே ராத்திரியில டோர்ச் வெளிச்சத்துல முடிச்சிட்டேன், ரெண்டாவதுல பாதியில நிக்கிறேன். எங்க கிளாஸ்ல ஒரே சண்டை, பாதிப் பேரு பீட்டா கட்சி, பாதிப் பேரு கேல் கட்சி. நான் கேல். நீங்க எந்தக் கட்சி? முடிவை மட்டும் சொல்லிறாதீங்க ப்ளீஸ். (மஸ்கெலியா வாசகி)

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த டோர்ச்சை அணை. நானும் அப்பிடி வாசிச்சவதான், இப்ப கண்ணாடி இல்லாம பஸ் போர்டு தெரியாது.

வாசிக்காதவங்களுக்காக கதையை வேகமாச் சொல்லிர்றேன். அமெரிக்கா அழிஞ்சு போன பெறகு அந்த மண்ணுல பனெம்னு ஒரு நாடு. நடுவுல கெப்பிட்டல்னு ஒரு பணக்கார நகரம், சுத்தி 12 மாவட்டம், ஒவ்வொரு மாவட்டமும் ஏதோ ஒரு சாமானை உண்டாக்கி நகரத்துக்கு அனுப்பிக்கிட்டே இருக்கணும். முன்னொரு காலத்துல எதிர்த்து நின்னாங்கன்னு தண்டனையா, வருசா வருசம் மாவட்டத்துக்கு ஒரு பொடியன் ஒரு பொம்பளப் பிள்ளைன்னு 12 வயசுல இருந்து 18 வயசுக்குள்ள சீட்டுக் குலுக்கி எடுத்து, மொத்தம் 24 பேரையும் ஒரு இடத்துல விட்டு, ஒருத்தர் மிஞ்சுற வரைக்கும் கொன்னுக்க வைக்கிறது, அதை நாடே டீவியில பார்த்தாகணும். காட்னிஸ்னு 16 வயசுப் பிள்ளை, நிலக்கரி தோண்டுற 12ஆவது மாவட்டம், தங்கச்சி ப்ரிம்மோட பேரு விழுந்ததும் அவளுக்குப் பதிலா நான் போறேன்னு முன்னுக்கு வந்து நிக்கிறா. கேல் அவளோட காட்டுக்குப் போய் கள்ளத்தனமா வேட்டையாடுற பொடியன். பீட்டா பேக்கரிக்காரர் மகன், அவனுக்கும் சீட்டு விழுந்து அவளோடயே போறான். சுசான் காலின்ஸ் எழுதினது, 2008ல முதல் பாகம், 2009லயும் 2010லயும் மத்த ரெண்டும்.

இனி உன் கேள்வி. நான் பீட்டா கட்சி, ஆனா உன் கிளாஸ் பிள்ளைகள் சொல்ற காரணத்துக்காக இல்ல.

அந்தப் பாண் கதையைத் திரும்ப ஒருக்கா எடுத்து வாசி. காட்னிஸுக்கு 11 வயசு, அப்பா சுரங்கம் வெடிச்சு செத்துட்டாரு, அம்மா சுவரைப் பார்த்துக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்துட்டா, மழையில இவ பேக்கரிக்குப் பின்னால குப்பைத் தொட்டியைக் கிளறுறா. அந்தப் பொடியன் வேணும்னே ரெண்டு பாணை நெருப்புல போட்டுக் கருக்குறான், அதுக்கு அவங்க அம்மாக்கிட்ட மூஞ்சில அடி வாங்குறான், பன்னிக்குப் போடுன்னு குடுத்ததை இவ பக்கம் வீசிட்டு திரும்பிக்கூடப் பார்க்காம உள்ளுக்குப் போயிர்றான். ஒரு வார்த்தை பேசல. அவளும் நன்றி சொல்லல. அஞ்சு வருசம் அதைச் சுமந்துக்கிட்டே ஸ்கூல் வராந்தாவுல அவனைக் கடந்து போறா. கடன்பட்டார் நெஞ்சம்னு சொல்லுவாங்கல்ல, அந்தப் பிள்ளைக்கு அவன் மேல முதல்ல இருக்குறது காதல் இல்ல, கடன்.

கேல் கூட அப்பிடிக் கிடையாது பாரு. அவனும் அவளும் பிடிச்சதைச் சரிபாதியாப் பிரிச்சுக்குவாங்க, யாருக்கும் யாரும் பாக்கி இல்ல. அதனாலதான் அவன் கூட அவளுக்கு மூச்சு லேசா வருது, உனக்கும் அவனைப் பிடிக்குது. பீட்டாக்கிட்டதான் கணக்குத் தீரவே மாட்டேங்குது. அந்தக் கொலைப் போட்டி நடக்குற காட்டுக்குள்ள அவன் காயம்பட்டுக் கிடக்குறப்ப இவ முதமுத முத்தம் குடுக்குறா, உடனே மேல இருந்து பாராசூட்ல ஒரு சட்டி சூப்பு இறங்குது. காதல் ஜோடின்னு டீவிக்குக் காட்டினா பார்க்குறவங்க காசு போட்டு சாப்பாடு அனுப்புவாங்க, அதான் விசயம். இன்னும் குடுத்தா இன்னும் வரும்னு அவளுக்கு விளங்கிருது. அப்ப அந்த முத்தம் யாருக்கு? அவனுக்கா, சூப்புக்கா, பார்த்துக்கிட்டு இருக்குற சனத்துக்கா? அவளுக்கே தெரியல. ரெண்டு பொடியன்ல எவன்ங்கிறதை விட எனக்கு இதுதான் பெரிய கேள்வியாத் தெரியுது, நாலு பேரு பார்க்குற இடத்துல நிக்கிற பிள்ளைக்கு தன் மனசு தனக்கு எப்பிடித் தெரியும்னு.

நீயும் தோட்டத்து லயத்துல வளர்ந்த பிள்ளைதான்னு எழுதியிருக்க. நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது, மூணாவது காம்பராவுல பாட்டி இருமினா ஏழாவது காம்பராவுல தண்ணி கொண்டாறவான்னு கேப்பாங்க. அங்க ஒரு பிள்ளை ஒரு பொடியனைப் பார்த்து சிரிச்சிட்டா, அவ சிரிச்சது அவளுக்கே மறந்து போனாலும் தண்ணி பிடிக்கிற பீலிக்கரை அதை முடிச்சு வச்சிரும். நமக்கு கெமரா வேற வேணுமா?

ஒரு சங்கதி சொல்றேன், வீட்டுக்காரரும் இதை வாசிப்பாரு பரவாயில்ல. நான் அஞ்சாம் ஆண்டு படிக்கிறப்ப ஒரு பொடியன் நாள் தவறாம பாதி ரொட்டியை கொப்பித் தாள்ல சுத்தி என் மேசைக்குள்ள வச்சிட்டுப் போவான். எங்க வீட்ல அப்ப அப்பாவுக்கு வேலை இல்ல. நான் ஒரு நாளும் ஒண்ணும் சொன்னதில்ல, அவனும் சொன்னதில்ல. இப்ப அவன் டவுன்ல த்ரீவீல் ஓட்டுறான், புள்ளகுட்டிக்காரன். என்கிட்ட காசு வாங்க மாட்டான், அதனாலயே நான் அவன் த்ரீவீல்ல ஏறுறதில்ல, மழையில நனைஞ்சுக்கிட்டு அடுத்த வண்டிக்கு நிப்பேன். அந்தப் பாண் அத்தியாயத்தை வாசிச்ச அன்னைக்கு புத்தகத்தை மூடி வச்சிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொண்ணு, இது உனக்குப் பிடிக்கும். பனெம்ங்கிறது லத்தீன் சொல்லு, பாண்னுதான் அர்த்தம். பழைய ரோமாபுரியில சனத்துக்கு பாணையும் வெளாட்டையும் குடுத்துட்டா வேற ஒண்ணும் கேக்காதுன்னு ஒரு பேச்சு, அதுல இருந்து எடுத்த பேரு. நாம பாண் பாண்ங்கிறோமே அது போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போன சொல்லு, அதுக்கும் வேரு அதே லத்தீன்தான். அடுத்த வாட்டி பாண் விக்கிற சூன்பாண் த்ரீவீல் மியூசிக்கைப் போட்டுக்கிட்டு மேட்டுல ஏறி வர்றப்ப நினைச்சுக்க.

கேள்வி: அக்கா, நான் த்ரீவீல் ஓட்டுறேன் (நீங்க சொல்ற ஆள் நான் இல்ல, எனக்கு 24 வயசு). என்னோட ஆளு இந்தக் கதையோட படத்தைப் பார்த்துட்டு புத்தகத்தையும் வாசிச்சிட்டு, நீ பீட்டா மாதிரி இல்ல, உனக்கு ஃபீலிங்கே இல்லன்னு ஒரே கரைச்சல். நான் என்னா செய்ய? (நானுஓயா)

பதில்: தம்பி, இது வேற த்ரீவீல்காரர்னு எல்லாருக்கும் விளங்கட்டும், இல்லாட்டி ஹட்டன் ஸ்டாண்டுல சண்டை வந்திரும். (கேள்வியை எனக்கு அனுப்புறதுக்கு முந்தி நான் எழுதினதை உனக்கு யாரு காட்டினான்னு தனியாச் சொல்லு, ஆபீசுல ஒரு ஓட்டை இருக்கு.)

பீட்டா கேக்குக்கு ஐசிங் போடுறவன். மாவு மூட்டை தூக்குறவன். அஞ்சு வயசுல முதல் நாள் ஸ்கூல்ல அந்தப் பிள்ளை பாடினதைக் கேட்டு மனசைக் குடுத்துட்டு 11 வருசம் வாயைத் திறக்கல, திறந்தப்ப நாடே பார்க்குற டீவி பேட்டியில போய்த் திறந்தான், அதுக்கு அந்தப் பிள்ளை அவனைப் பிடிச்சுத் தள்ளி விட்டுச்சு, கை கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. அதை உன் ஆளுக்கு ஞாபகப்படுத்து. ஐசிங் வேணும்னா பழகு, பேக்கரியில கேட்டா காட்டித் தருவாங்க. டிக்டொக்ல போட்டு லவ் சொல்ற வேலை மட்டும் வேணாம்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் கொழுந்து பறிக்கிறேன், எனக்கு எழுத வராது, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தருது. என் மக 15 வயசு, எந்நேரமும் ஒரு இங்கிலீசுப் புத்தகம். தலகாணிக்குக் கீழ வச்சிருக்கா. அதுல லவ்வும் இருக்காம், பிள்ளைகளை வெட்டுறது குத்துறதும் இருக்காம், மேல் லயத்துல ஒருத்தங்க சொன்னாங்க. அடுப்புல போட்டுறலாமான்னு இருக்கு. ஆனா அவ அழுதா எனக்குத் தாங்காது. என்னா புத்தகம் அது? (பொகவந்தலாவை)

பதில்: அக்கா, அடுப்புல போடாதீங்க. விறகு கிடைக்குற கஷ்டம் எனக்கும் தெரியும், ஆனா வேணாம்.

மேல் லயத்துக்காரங்க சொன்னதுல பொய் இல்ல. லவ் இருக்கு, ஆனா முத்தத்துக்கு மேல ஒண்ணும் கிடையாது, நம்ம வீட்டு டீவி நாடகத்துல ஒரு கிழமையில வர்றதை விடக் கம்மி. கொலைதான் நிறைய. அதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்க மாட்டேன், உங்களுக்கு ஏழெட்டு வயசுல இன்னொரு பிள்ளை இருந்தா அதுக்கு வாசிச்சுக் காட்ட வேணாம்னு சொல்லுங்க. 15 வயசுக்கு ஏலும். அந்தப் புத்தகம் கொலையைக் கொண்டாடுற புத்தகம் இல்ல, அதைப் பார்த்துக் கைதட்டுற சனத்தைத்தான் கேவலமாக் காட்டுது. எழுதினவங்க ஒரு ராத்திரி டீவி சேனலை மாத்திக்கிட்டே இருந்தாங்களாம், ஒண்ணுல இளசுகள் போட்டி போடுற ஷோ, அடுத்ததுல ஈராக் யுத்தம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து தெரிஞ்சுச்சாம், அங்க பிறந்த கதைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

இப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். வேலை முடிஞ்சு வந்து சாயத்தண்ணி குடிக்கிற நேரம் மகளைப் பக்கத்துல உட்கார வச்சு "கதையை எனக்குச் சொல்லு"ன்னு கேளுங்க. அதுல பேரு போடுற கதை வரும், அதை மட்டும் விடாமக் கேளுங்க.

உங்களுக்கு பேரு என்னான்னு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. காலையில ஆள் எடுக்குற பெரட்டுக்குப் போனா செக்ரோல் பதிவுல பேரு (ஒரு நாள் வேலைக் கணக்கு), சொன்ன கிலோவை எடுத்தா முழுப்பேரு, குறைஞ்சா அரைப்பேரு, எங்க பக்கம் 18 கிலோ, தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். மாசக் கடைசியில இத்தனை பேருன்னு எண்ணித்தான் அரிசி, மாவு, சீட்டுக்காசு எல்லாம். அந்தக் கதையிலயும் பேருதான் சாப்பாடு அக்கா. 12 வயசாச்சுன்னா குலுக்குற சீட்டுல உன் பேரு ஒண்ணு போடுவாங்க, 13க்கு ரெண்டு, அப்பிடியே 18க்கு ஏழு. ஆனா வீட்ல பட்டினின்னா, பேரை இன்னொரு தடவை போட்டுக்கன்னு சொல்லிட்டு ஒரு ஆளுக்கு ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கலாம். வீட்ல இருக்குற ஒவ்வொரு ஆளுக்கும் அப்பிடி வாங்கலாம். போட்ட பேரு அழியாது, வருசா வருசம் சேர்ந்துக்கிட்டே போகும். அந்தக் காட்னிஸ் வீட்ல மூணு பேரு, அவளுக்கு 16 வயசுல 20 சீட்டு. அவ கூட்டாளி கேல் வீட்ல அஞ்சு பேரு, 18 வயசுல 42 சீட்டு. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஏழுக்கு மேல ஏறவே ஏறாது. எல்லாருக்கும் பொதுவான குலுக்கல்னுதான் சொல்லிக்குவாங்க, ஆனா பசிச்சவன் சீட்டுத்தான் பெட்டி நிறைய.

உங்க மக இதை இங்கிலீசுல வாசிக்கிறா, சரி. ஆனா தாத்தா காலத்துல தோட்டமே அரிசியும் மாவும் குடுத்துட்டு சம்பளத்துல கழிச்சுக்கிட்டதை நீங்க பார்த்திருப்பீங்க, இல்லாட்டி உங்க அம்மா சொல்லியிருப்பாங்க. அந்தக் கணக்கு உங்களுக்கு அவளை விட விளங்கும். அவ சொல்லட்டும், பெறகு நீங்க சொல்லுங்க.

ஒண்ணு மட்டும் முன்னுக்கே சொல்லி வைக்கிறேன், கேட்டா நெஞ்சு பகீருன்னும். 20 சீட்டு போட்ட அக்கா பேரு விழல. அந்தத் தங்கச்சி ப்ரிம்மை தானியத்துக்குப் பேரு போடவே விடல அவ அக்கா, அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சீட்டு. அதுதான் விழுந்துச்சு.

கேள்வி: எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, ஓ.எல்.லுக்கு இங்கிலீஷ்ல ஒரு சி எடுத்தாப் போதும். அந்தப் புத்தகத்தை என்னால வாசிக்க ஏலுமா அக்கா? படத்தைப் பார்த்தா போதாதா? (பண்டாரவளை)

பதில்: ஏலும். அந்தப் பிள்ளையே தன் கதையைச் சொல்ற மாதிரி, இப்ப நடக்குற மாதிரி எழுதினது, வசனம் குட்டி குட்டியா இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்ஷனரியைத் தூக்காத, முதல் நாளே அலுத்துரும். விளங்காத சொல்லுல பென்சிலால கோடு போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு, அதே சொல்லு நாலாந்தரம் வர்றப்ப தானா விளங்கிரும். மொத்தம் 27 அத்தியாயம், நாளைக்கு ஒண்ணுன்னா ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். எழுதினவங்க சின்னப் பிள்ளைகள் டீவி நிகழ்ச்சிக்கு எழுதிப் பழகினவங்க, ஒவ்வொரு அத்தியாயத்தையும் கழுத்துல கயித்தைப் போட்டு இழுத்த மாதிரி ஒரு இடத்துல நிப்பாட்டுவாங்க, அதனால உன்னால ஒண்ணோட நிக்க ஏலாது. முதல் அத்தியாயத்தைக் கடந்துட்டா தப்பிச்சிட்ட.

படம் 2012ல வந்துச்சு, நல்ல படம்தான். ஆனா அந்தப் பிள்ளை வெளிய சிரிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள என்னா கணக்குப் போடுதுன்னு படத்துல தெரியாது. கதையே அந்தக் கணக்குத்தான்னு மஸ்கெலியா தங்கச்சிக்கு எழுதினேன் பாரு.

கேள்வி: நான் தமிழ் பாட ஆசிரியர். பிள்ளைகள் இப்ப டிஸ்டோபியா, டிஸ்டோபியா என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது? எனக்கு ஒரு குறையும் உண்டு. அமெரிக்கக் கற்பனை மாவட்டத்துக்காக அழும் பிள்ளைகள் சொந்த மலையகத்துக் கதைகளை வாசிப்பதில்லை. நீங்களும் அதற்குத் துணை போகலாமா? (கொட்டகலை)

பதில்: சேர், இந்த மாசத்துலயே என்னைய உட்கார்ந்து யோசிக்க வச்ச கடுதாசி உங்களதுதான்.

சொல்லுக்கு முதல்ல. ஆளாளுக்கு ஒரு மொழிபெயர்ப்புச் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் வாயில ஒட்டல. பிள்ளைகளுக்கு நான் 'கெட்டுப்போன நாளை'ன்னு சொல்லுவேன், ராமராச்சியத்தைக் கவுத்துப் போட்டா வர்றதுன்னு சொல்லுவேன். 1868ல இங்கிலாந்துப் பார்லிமென்ட்ல ஜோன் ஸ்டுவர்ட் மில்னு ஒரு எம்.பி. அயர்லாந்து விசயமாப் பேசுறப்ப அரசாங்கத்தைப் பார்த்து அந்த டிஸ்டோபியாச் சொல்லை எடுத்து விட்டாரு. அதுக்கு முந்தின வருசம், 1867ல, அதே இங்கிலாந்து ஆண்டுக்கிட்டு இருந்த நம்ம மலையில லூல்கந்துரத் தோட்டத்துல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல தேயிலை நட்டாரு. பிள்ளைகளுக்கு இந்த ரெண்டு வருசத்தையும் போர்ட்ல பக்கத்துல பக்கத்துல எழுதிக் காட்டுங்க, வேற விளக்கம் வேண்டியிருக்காது.

குறைக்கு வர்றேன். நீங்க சொல்றது உண்மை, கோகிலம் சுப்பையாவோட 'தூரத்துப் பச்சை' நாவலை எத்தனை பிள்ளை வாசிச்சிருக்கு? கையத் தூக்கச் சொன்னா எங்க வீட்லயே தூக்க ஆளில்ல. ஆனா சேர், நம்ம கதையை நாம எப்பிடிக் குடுக்குறோம்? பரீட்சைக்கு வரும், ஆசிரியர் பேரைப் பாடமாக்கு, பாத்திரப் படைப்பை விளக்குக, 10 புள்ளி. அந்த இங்கிலீசுப் புத்தகத்தை யாரும் பாடமாக்கச் சொல்லல, தலகாணிக்குக் கீழ ஒளிச்சு வச்சு வாசிக்குது. ஒளிச்சு வாசிக்கிற புத்தகத்துக்கு இருக்குற ருசி வேற.

அதோட, அது அமெரிக்காக் கதைன்னு பிள்ளைக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். 11ஆவது மாவட்டம்னு ஒண்ணு வருது, விவசாய மாவட்டம், அங்க இருந்து ரூன்னு 12 வயசுக் குட்டிப் பிள்ளை, ஆறு பிள்ளைகள்ல மூத்தது. பழத்தோட்டத்துல உச்சாணிக் கொப்புல ஏறி நிக்கிறது அதோட வேலை, பொழுது சாயுறப்ப வேலை முடியுற கொடியை முதல்ல பார்த்துட்டு நாலே நாலு சுரத்துல ஒரு பாட்டை எடுத்து விடும், குருவிகள் அதை வாங்கித் தோட்டம் பூராப் பரப்பும், எல்லாரும் வேலையை நிப்பாட்டுவாங்க. சாப்பாட்டை விளைய வைக்கிற மாவட்டம், ஆனா விளைஞ்சதைக் கிள்ளித் தின்னா சவுக்கடி, ஊரே நின்னு பார்க்கணும். இதை வாசிக்கிறப்ப எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரல, எங்க அப்பாயி சொன்ன தப்பு மேளச் சத்தம்தான் ஞாபகம் வந்துச்சு, இருட்டோட பெரட்டுக்கு எழுப்புற தப்பு. நல்ல தேயிலை எல்லாம் கப்பல்ல போக, தூளை அளந்து வீட்டுக்குக் குடுப்பாங்களே, அது ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணும் வந்துச்சு. மைதானத்துல எல்லாரையும் நிக்க வச்சு பேரு வாசிக்கிற கட்டம் வருதுல்ல. 1948ல சட்டம் போட்டு நம்ம சனத்தோட பிரஜாவுரிமையைப் பிடுங்கினாங்க, பெறகு 1964ல ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்க, மிச்சம் 150,000 பேரைப் பெறகு பார்த்துக்கலாம்னு ரெண்டு நாடும் நம்மளை எண்ணிப் பிரிச்சுக்குச்சு. எங்க அப்பாயியோட அக்கா குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் பேரு வந்துச்சு, அப்பாயிக்கு வரல. ஒரே லயத்துல அடுத்தடுத்த காம்பரா. இந்தியாவுக்குப் போறவங்களைத் தலைமன்னார் கப்பலுக்குக் கொண்டு போற கோச்சிக்கு (ரயிலுக்கு) அழுகைக் கோச்சின்னே பேரு வச்சிருந்தாங்க நம்ம ஆளுங்க. அப்பாயி சாகுற வரைக்கும் "அக்காவுக்குப் பேரு வந்துச்சு"ன்னுதான் சொல்லும், "அக்கா போச்சு"ன்னு சொல்லாது. நான் இதை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், ஒரு கதையாக்கூட எடுத்துக்கல. ப்ரிம்மோட பேரை வாசிக்கிற பக்கத்துக்கு வந்தப்பதான் அப்பாயியோட குரல் காதுல விழுந்துச்சு. சேர், அந்தப் புத்தகம் என்னைய நம்ம கதையில இருந்து அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போகல, கையப் பிடிச்சு வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுச்சு.

அதனால பிள்ளைக்கிட்ட இருந்து பிடுங்காதீங்க. முடிச்சிட்டு வந்து அழுதுக்கிட்டு நிக்கிற அன்னைக்கு 'தூரத்துப் பச்சை'யைக் கையில குடுங்க. புள்ளி போடாதீங்க, கேள்வி கேக்காதீங்க, வீட்டுக்குக் கொண்டு போன்னு மட்டும் சொல்லுங்க. முடிஞ்சா, வேணாம்னு கண்டிச்சுட்டுக் குடுங்க.

கேள்வி: மூணாவது பாகத்துல கடைசியில காட்னிஸ் யாரைக் கட்டுறா? (அக்கரப்பத்தனை)

பதில்: உஷ்! மஸ்கெலியா தங்கச்சி இன்னும் ரெண்டாவதுல பாதியில நிக்குது.